சம்பந்தி வீட்டு வாசலில் நம் வேன்

என் மகனுக்கு,

கடிதம் எழுதுகிறேனே தவிர, நீ ஒன்றும் கடல் தாண்டிப் போய்விடவில்லை. பிள்ளையார்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினால் செவிலிமேட்டில் உன் புது வீட்டருகே இறங்கிவிடலாம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். கல்யாணத்துக்குப் பிறகு நீ எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்திருக்கிற இந்தச் "சரிப்பா"வைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். முழுதாகப் படி. சுற்றி வளைக்காமல் உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உன் மாமனார் மேல் எனக்குப் பொறாமை. கொஞ்ச நஞ்சப் பொறாமை இல்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாக நாலு திட்டு திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். நல்ல மனுஷராக வேறு இருந்து தொலைக்கிறார். நான் என்ன செய்வது, சொல்.

முதலில் போனது வேன். காலையில் தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டிவிட்டால் வேன் அசைய முடியாது என்று எனக்கும்தான் தெரியும். விடியற்காலையில் கோயில் பார்க்க வருகிறவர்கள் லாட்ஜ் வாசலில் நின்றுகொண்டு உனக்குப் போன்மேல் போன் போடுவார்கள். நீ நம் தெருவில், பட்டு நூலுக்கு அந்தப் பக்கம் வண்டியை வைத்துக்கொண்டு கையைப் பிசைவாய். "மாமா வீட்டு வாசல் அகலமா இருக்குதுபா, வண்டிய அங்கயே போட்டுக்கறேன்" என்றாய். நியாயம்தான், நானும் தலையாட்டினேன். அப்புறம் தினமும் விடியலில் வண்டி எடுக்க அவ்வளவு தூரம் போவானேன் என்று, அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்குப் பார்த்தாய். அதுவும் நியாயம்தான். இப்படி ஒவ்வொரு நியாயமாகச் சொல்லியே நீயும் வேனின் பின்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் அம்மா அன்றைக்கு அழுதாள். நான் தறியில் போய் உட்கார்ந்துகொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேன் என்றால் உனக்குப் பிழைப்பு. எனக்கு அது வேறு. டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் வேலை பார்த்து, அது பிடிக்காமல் நீ திரும்பி வந்தபோது இந்தப் பழைய வேனை வாங்கினோம். உனக்கும் ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. மெக்கானிக்கிடம் விட்டுக் கட்டுபடி ஆகாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் கோணியை விரித்து இரண்டு பேரும் கீழே படுத்தோம். பிரேக் ஷூ மாற்றியபோது நான் ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டிவிட்டுக் கம்பீரமாக எழுந்து நின்றது நினைவிருக்கிறதா? "யப்பா, இன்னா பண்ணிக்கினு இருக்க நீ? கண்ண தொறந்துக்கினுதான் மாட்னியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாய். நான் ஸ்பேனரை விட்டெறிந்தேன். அது உருண்டு எதிர்வீட்டுச் சாக்கடையில் விழுந்தது, நீதான் போய் எடுத்தாய். உள்ளேயிருந்து உன் அம்மா, "அப்பனும் புள்ளையும் வண்டி கீழயே குடித்தனம் பண்ணுங்க, சோத்த அங்கயே அனுப்பறேன்" என்றாள். மற்ற அப்பன்கள் மகனிடம் எங்கே பேசுவார்களோ, தெரியாது. தறிச் சத்தத்தில் நமக்குப் பேச்சு கிடையாது. நாம் பேசிக்கொண்டதெல்லாம் அந்த வேனுக்குக் கீழேதான்.

மோகனாவைப் பற்றி நீ சொன்னதும் அங்கேதான். எஞ்சின் ஆயில் வடிந்துகொண்டிருந்தது. "யப்பா, ஒரு பொண்ணு இருக்குது" என்றாய், என் முகத்தைப் பார்க்காமல். ஆயில் முழுதும் வடிந்ததும் தட்டை நகர்த்தி வைத்தேன். "எந்த ஊரு" என்றேன். "தாமலு. இப்ப செவிலிமேட்டுல வீடு கட்டிக்கினு வந்துட்டாங்க. அவங்கப்பா டிராக்டர் மெக்கானிக்கு." நாம் நெசவுக்காரர்கள், அவர்கள் பயிர் வைக்கிற குடும்பம், சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றெல்லாம்தான் ஒரு அப்பனுக்கு முதலில் தோன்ற வேண்டும். எனக்கு அது அப்புறம்தான் தோன்றியது. முதலில் காதில் விழுந்தது மெக்கானிக் என்ற வார்த்தைதான். அன்றைக்கே உள்ளே ஏதோ சுருக்கென்றது, வாயுப் பிடிப்பு என்று நினைத்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. இரண்டு பக்கமும் முணுமுணுப்பு இருந்ததால் அவரும் நானும் ஒருவருக்கொருவர் போட்டி போட்டுக்கொண்டு மரியாதை காட்டினோம். சொந்தத்துக்குள் நடந்த சம்பந்தமாக இருந்தால் மாமன் மச்சான் என்று சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, சாயங்காலம் ஒன்றாக டீ குடித்திருப்போம். இங்கே அதற்கு வழியில்லை. நான் பையனைப் பெற்றவன். நான் போனால் அவர் எழுந்து நிற்கிறார். நான் உட்காரும் வரைக்கும் உட்காருவதில்லை. தண்ணீர் வேண்டுமா என்று அவர் கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்லி, அவர் கொண்டுவந்து, நான் குடித்து முடிப்பதற்குள் எங்கள் இருவருக்குமே வியர்த்துவிடும். இந்த மரியாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் வேனின் முன்பக்கம் தட்ட ஆரம்பித்தது. பள்ளத்தில் இறங்கினால் டக்கென்று ஒரு சத்தம், பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கமாக இழுத்தது. நீ அம்மாவைப் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முன் சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கைகள், லோயர் ஆர்ம் என்று நீ சொல்வாயே, அந்த இரண்டிலும் ரப்பர் புஷ் கிழிந்து தொங்கியது. நுனியில் உருண்டையாக இருக்கிற பால் ஜாயிண்ட்டும் ஆடியது. ஜோடியாக மாற்றிவிடலாம், ஞாயிற்றுக்கிழமை தெருவில் பாவு இருக்காது, நம் வாசலிலேயே போடலாம் என்று பேசி முடித்தோம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நானே போய் நின்று, இரண்டு ஆர்மையும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தேன். பழைய கோணியை உதறி வெயிலில் போட்டேன். சனிக்கிழமை போன் செய்தாய். "யப்பா, மாமா வீட்டுலயே போட்டுக்கலாம்பா. தரை சிமெண்டு, ஜாக்கி ஆடாது. ஸ்டாண்டு கூட அவர்கிட்ட இருக்குது." மறுபடியும் நியாயம். உன் நியாயத்தில் இடி விழ.

கோணிப்பையில் ஆர்மையும் சாமான்களையும் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தேன். நான் வருவதற்குள் வண்டி தூக்கி நின்றது, சக்கரங்கள் கழன்று கிடந்தன. அவர் கீழே படுத்திருந்தார், நீ பக்கத்தில் படுத்திருந்தாய், மோகனா குந்தி உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் இடத்தில் வேறு ஆள் படுத்திருந்தார், அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து, மேலெல்லாம் தூசியோடு கும்பிட்டார். "வாங்க சம்பந்தி, வாங்க. ஏம்மா, சேர் எடுத்துப் போடு. காபி கொண்டா." ஃபேன் காற்று படுகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி வந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டப் போனேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயையோ, நீங்க எதுக்கு சம்பந்தி கீழ படுக்கறீங்க? எங்க வாசல்ல உங்கள அழுக்காக்கி அனுப்பினா நாலு பேரு என்னை இன்னா சொல்வாங்க?" சரி, என் மகன் சொல்வான் என்று உன்னைப் பார்த்தேன். நீயும் கீழேயிருந்தபடி, "நீங்க உக்காருங்கப்பா" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை நீ வா போ என்று கூப்பிட்ட பயல், அவர் வாசலில் என்னை நீங்க என்கிறாய். அந்தக் காபி நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பால் ஜாயிண்ட் வரவே வரவில்லை. நானாக இருந்தால் அதன் தலையிலேயே நாலு போட்டு மறையைக் கெடுத்திருப்பேன். அவர் நட்டை முழுதும் கழற்றாமல் விட்டு, அது உட்கார்ந்திருக்கிற இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டினார், பொத்தென்று விட்டுக்கொடுத்தது. "செம மாமா" என்றாய். நீ என்னை ஒருநாளும் செம என்று சொன்னதில்லை. "மாமா, இது எந்தப் பக்கம் மாமா?" "மாமா, இந்த வாஷர் உள்ளயா வெளியவா மாமா?" ஒரு கேள்விக்கு எத்தனை மாமாடா போடுவாய். அவரும் கத்தவில்லை, நீயும் கத்தவில்லை. இப்படியும் ஒரு வண்டி வேலை நடக்குமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோயிலில் அர்ச்சனை மாதிரி நடந்தது. எதிலாவது அவர் சறுக்க மாட்டாரா என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன்.

புது ஆர்ம் இரண்டும் ஏறின. கைகழுவ அவர் குழாய்ப் பக்கம் போன நேரத்தில் நான் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, கோணியை விரித்துக் கீழே நுழைந்துவிட்டேன். உன் மாமியார் "ஐயோ அண்ணே" என்று ஓடிவந்தார். "என் வேன்மா, நான் பாக்கக் கூடாதா?" என்றேன். பார்த்தால், உள்பக்கத்து போல்ட்டுகள் நாலும் லூசாக இருந்தன. கையாலேயே திருக முடிந்தது. எனக்கு உள்ளுக்குள் கருடசேவை நடந்தது. "சம்பந்தி, இத முறுக்காம உட்டுட்டீங்களே" என்று தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். அவர் ஓடிவந்து குனிந்தார். "இல்ல சம்பந்தி, அது இப்போதைக்குப் பிடிச்ச மாதிரி இருந்தா போதும்னு..." என்று ஆரம்பித்தார். "தறி கட்டற கை இது, தொய்வா உடாது" என்று சொல்லிக்கொண்டே முறுக்கினேன். பாவு நூலை முதலில் விறைப்பாக இழுத்துக் கட்டு, அப்புறம்தான் நெய். எங்களுக்கு அதைத் தவிர வேறு கணக்கு தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே, நாலு போல்ட்டையும் இறுக்கித் தள்ளினேன். "ஆமா சம்பந்தி, நான் கவனிக்கல" என்றார். நீ என்னைப் பார்த்தாய், அவரைப் பார்த்தாய். "சரிப்பா" என்றாய்.

சாப்பாட்டின்போது இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். பெரிய மெக்கானிக்காம், போல்ட் முறுக்க மறந்துவிட்டார் என்று பக்கத்துத் தறிக்காரரிடமும் சொன்னேன். அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல பசி.

அடுத்த வாரம் மோகனா சுரைக்காய் கொடுத்துவிட்டுப் போக வந்தாள். வண்டியில் சத்தம் போய்விட்டதா என்று உன் அம்மா கேட்டாள். "இப்ப சூப்பரா இருக்குது அத்தை. மாமா அன்னிக்கு பஸ் ஏறிப் போனதும் வண்டிய பலகை மேல எறக்கி, போல்ட்டெல்லாம் லூஸ் பண்ணித் திரும்ப முறுக்கினாங்க" என்றாள், பாவம், சூதுவாது தெரியாத பெண். நான் தறியில் இருந்தபடியே, எதற்கு என்று கேட்டேன். அவள் கையை ஆர்ம் மாதிரி தொங்கவிட்டுக் காட்டினாள். சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டி தரையில் உட்காரும்போது கை மேலே ஏறி, உள்ளே இருக்கிற ரப்பர் திருகிக்கொண்டே இருக்குமாம், சீக்கிரம் கிழிந்துவிடுமாம். வண்டியின் பாரம் முழுக்க அதன்மேல் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்காம். "உங்கப்பாவா திரும்ப முறுக்கினாரு?" என்று கேட்டேன். "இல்ல மாமா, உங்க புள்ளதான் பண்ணாரு. மொதல்ல எங்கப்பாவத்தான் பண்ணச் சொன்னாரு. எங்கப்பா தொட மாட்டேன்னுட்டாரு." சொல்லிவிட்டு, தான் ஏதோ சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நான் விடவில்லை, என்ன சொன்னார் என்று கேட்டேன். "'சம்பந்தி கைப்பட முறுக்கினத நான் அவுத்தா மரியாத இல்ல. நீங்க புள்ள, நீங்க அவுக்கலாம் மாப்ள'ன்னாரு."

அவள் போன பிறகு வேலையே ஓடவில்லை. இழை அறுந்தது, முடிந்தேன், மறுபடி அறுந்தது. தெரிந்திருந்தும் என் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல், தான் மறந்துவிட்டதாகவே ஒப்புக்கொண்டு, நான் சாப்பாட்டில் சொல்லிக்காட்டியபோது ரசம் ஊற்றினாரே அந்த மனுஷர், அவர்மேல் கோபப்படக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை. வேலையிலும் என்னை ஜெயித்தார், குணத்திலும் ஜெயித்தார். ஒருவன் எதில்தான் பொறாமைப்படாமல் இருப்பது? உன் அம்மா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா, இந்த வயசுல உனக்கு ஒரு ஆம்பள சக்களத்தி வந்துட்டான் போல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அப்பன் மகனுக்கு எழுதுகிற கடிதத்தில் புத்திமதி ஒன்றாவது இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருக்கிற ஒன்று அவரிடமிருந்து திருடியது, வெட்கமில்லாமல் தருகிறேன். நீயும் மோகனாவும் புதுக்குடித்தனம். இதை இப்படித்தான் செய்ய வேண்டும், அங்கே போகக் கூடாது, இவ்வளவுதான் செலவு என்று இப்போதே எல்லாவற்றையும் இறுக்கி வைக்காதே. நான் கல்யாணமான புதிதில் அப்படித்தான் சட்டம் போட்டேன், உன் அம்மா இன்றைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டுகிறாள். குடும்பத்தின் பாரம் உங்கள்மேல் நிஜமாக இறங்கட்டும், அப்புறம் எது எங்கே நிற்கிறது என்று பார்த்து முறுக்கிக்கொள்ளலாம். இதை நான் சொன்னதாகவே நினைத்துக்கொள். அவருக்கு ஏற்கெனவே நிறையப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து உனக்குப் போன் செய்து, ஏன்டா எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமா முன்னாடி உன்ன எப்பிடிப்பா தப்புன்னு சொல்றது? எனக்கு மனசு வரலபா" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதுதான். அவர் முன்னால் நான் தோற்றுப்போய்விடக் கூடாது என்று நீ நினைத்திருக்கிறாய். அப்படியானால் நீ இன்னும் என் பக்கம்தான் என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன். கைகழுவும்போதுதான் வேறொன்று தோன்றியது. விருந்தாளியிடம்தான் யாரும் தப்பைச் சொல்ல மாட்டார்கள். மனசு கோணாமல் உட்கார வைத்து, அவன் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அவர் எனக்கு அதைச் செய்தால் அது மரியாதை. நீயும் செய்தால் நான் உனக்கு யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு எழுதியும் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே, அப்படியே இருக்கிறது. நாளைக்கு நீ அவரிடம் வேலை கற்றுக்கொள், அவருக்கு ஆயிரம் மாமா போடு, வேன் அவர் வாசலிலேயே நிற்கட்டும். இது எதையும் நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த மனுஷர் தனக்கு இல்லாத உரிமை ஒன்று உனக்கு இருக்கிறது என்று வாயால் சொல்லி உன்னிடம் கொடுத்தார். நீ அதை வாங்கி, நான் பஸ் ஏறும் வரைக்கும் ஒளித்து வைத்துக்கொண்டாய். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பின் பிரேக்கில் சத்தம் வருகிறது என்றாயாம், அம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவர் இருக்கும்போதே கீழே படுப்பேன். ஸ்பிரிங்கை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டுவேன். அவர் காதில் விழுகிற மாதிரி, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி என்னைத் திட்டு.